எந்த ஊரில் குடியேறுவது?

‘கெட்டும் பட்டணம் சேர்’ என்பது நம்மவரிடையே நெடுங்காலமாக வழங்கும் பழமொழி. மழை பொய்த்தாலும், தொழில் நலிந்தாலும், பட்டணம் போனால் பிழைக்க ஒரு வழி பிறக்கும் என்னும் நம்பிக்கையில் எழுந்த மொழி அது. ஆனால் எந்தப் பட்டணம் என்று அப்பழமொழி கூறவில்லை. நம் பாட்டனார் காலத்தில் அவ்வினா பெரிதாக எழவும் இல்லை. பட்டணம் என்றால் சென்னைப் பட்டணந்தான்.

இன்று அவ்வினா நம் குடும்பங்களில் அடிக்கடி எழுகின்றது. சென்னையில் இருபது ஆண்டுகள் உழைத்தபின், வாடகையும் கூட்ட நெரிசலும் தாங்காமல், வேறோர் ஊருக்குப் போய்விடலாமா என்று எண்ணுவோர் இருக்கின்றனர். வளைகுடா நாடுகளில் பணி முடித்துத் திரும்புவோர், பிறந்த சிற்றூரில் பிள்ளைகளுக்கு மேற்படிப்பு வசதி இல்லையே என்று தயங்குகின்றனர். வேளாண்மையை விட்டு வெளியேறும் குடும்பங்கள், சொந்த மாவட்டத்தின் அருகிலேயே ஒரு நகரம் கிடைக்காதா என்று தேடுகின்றன. இவர்கள் எல்லாருடைய நாட்டமும் மிகப் பெரியதும் மிகச் சிறியதும் அல்லாத நடுத்தர நகரங்கள்மேல் செல்கின்றது. அத்தகைய நகரத்தைத் தேர்வது எவ்வாறு என்பதைப் பற்றிச் சில கருத்துகளை நம் குடும்பங்களின்முன் வைக்க விரும்புகிறோம்.

ஏன் நடுத்தர நகரம்?

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, சென்னை மாநகராட்சியின் அன்றைய பழைய எல்லைக்குள்ளேயே 46 இலட்சம் பேருக்குமேல் வாழ்ந்தனர். கோயம்புத்தூரிலும் மதுரையிலும் தலைக்குப் பத்து இலட்சத்துக்குச் சற்று மேல். திருச்சியும் சேலமும் எட்டு, ஒன்பது இலட்சம் அளவில். திருநெல்வேலி ஐந்து இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. 2021இல் எடுக்கவேண்டிய கணக்கு தள்ளிப்போயிற்று. அதற்குள் இந்நகரங்கள் யாவும் மேலும் வளர்ந்துள்ளன. எனினும் இவற்றுக்கிடையே உள்ள அளவு வேறுபாட்டை அந்த எண்கள் காட்டப் போதுமானவை.

பெருநகரம் தரும் வாய்ப்புகள் பல. ஆயினும் அது கேட்கும் விலையும் பெரிது. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. நான்கே ஆண்டுகளில், 2019 கோடையில், அதே நகரத்துக்குக் குடிநீர் தரும் நான்கு ஏரிகளும் வறண்டன. சோலையார்பேட்டையிலிருந்து இரயிலில் தண்ணீர் கொண்டுவரும் நிலை ஏற்பட்டது. ஒரே வீட்டார் ஒருமுறை மாடியில் நின்று படகை எதிர்பார்த்தனர். மறுமுறை குடத்தோடு தெருவில் நின்று லாரியை எதிர்பார்த்தனர்.

சிற்றூரிலோ காற்றும் வெளியும் உண்டு; ஆனால் மகளுக்குக் கல்லூரி வேண்டுமென்றால் விடுதி; தாத்தாவுக்கு நெஞ்சுவலி என்றால் நாற்பது கல் பயணம். நடுத்தர நகரத்தில் கல்லூரி, மருத்துவமனை, இரயில் நிலையம் ஆகிய மூன்றும் ஏறக்குறைய அரைமணி நேரப் பயணத்துக்குள் அடங்கும். இதுவே அதன் தலையாய நன்மை.

யாருக்காகத் தேர்கிறோம்?

நகரத்தைத் தேரும்போது பெரும்பாலான வீடுகளில் முதலில் பேசப்படுவது சம்பளம், இரண்டாவது வாடகை. இவ்விரண்டும் வேண்டியவையே. ஆனால் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். சம்பாதிப்பவர் காலையில் வீட்டைவிட்டுப் புறப்பட்டு இரவில் திரும்புகின்றார். அவர் வாழ்வது பெரும்பாலும் அலுவலகத்திலும் தொழிற்சாலையிலும். உண்மையில் அந்த ஊரிலே வாழ்பவர்கள் வீட்டில் எஞ்சியிருப்போர்: தண்ணீர் பிடிக்கும் மனைவி, பள்ளிக்கு நடக்கும் பிள்ளை, திண்ணையோ பால்கனியோ கதியென்று உட்கார்ந்திருக்கும் முதியவர்.

ஆதலின் எம் கருத்து இது: குடும்பத்தில் மிக மெலிந்தவர் எவரோ, அவருடைய அன்றாட வாழ்வை அளவுகோலாகக் கொண்டு ஊரைத் தேர்க. வலியவர் எந்த ஊரிலும் சமாளித்துக்கொள்வார். மெலிந்தவரால் அது இயலாது. ஒரு வீட்டில் அவர் மூட்டுவலியால் நடக்கமுடியாத தாயாராக இருக்கலாம். இன்னொரு வீட்டில் காது கேளாத சிறுவனாக இருக்கலாம். வேறொரு வீட்டில் பத்தாம் வகுப்புக்குப் போகவிருக்கும், எளிதில் தோழிகளைச் சேர்த்துக்கொள்ளத் தெரியாத மகளாக இருக்கலாம். அவருக்கு ஊர் பொருந்தினால் மற்றவர்க்கும் பெரும்பாலும் பொருந்தும்.

பங்கை விட்டுப் புறப்படும் குடும்பங்கள் விடைபெற வருவது வழக்கம். மகன் புதிய வேலையைப் பற்றி உற்சாகமாகப் பேசுவார். மருமகள் புதிய வீட்டின் படத்தைக் கைப்பேசியில் காட்டுவார். பின்னால் நிற்கும் மூதாட்டியிடம், “உங்களுக்குச் சம்மதந்தானேம்மா?” என்று கேட்டால், “எங்க கூட்டிட்டுப் போனாலும் போறேன் சாமி. பேச ஒரு ஆள் இருந்தாப் போதும்” என்பார். அந்த ஒரு தேவையை வீட்டில் எவரும் கணக்கில் எழுதியிருக்கமாட்டார்கள். எழுதியிருந்தால், நகர எல்லையில் புதிதாகப் போட்ட மனைப்பிரிவில், பக்கத்தில் பத்து மனை காலியாகக் கிடக்க, ஒற்றை வீட்டைப் பிடித்திருக்க மாட்டார்கள்.

வருமானக் கணக்கு

சம்பளம் குறைகிறதே என்று அஞ்சுவோர் முழுக் கணக்கையும் தாளில் எழுதிப் பார்த்தல் நன்று. எடுத்துக்காட்டாக, ஒருவர் பெருநகரில் மாதம் 45,000 ரூபாய் பெறுகிறார் என்று கொள்வோம். வாடகை 16,000, போக்குவரத்து 4,000, விலைத் தண்ணீர் 1,500 போனால் எஞ்சுவது 23,500. நடுத்தர நகரில் 36,000 ரூபாய்க்கு வேலை கிடைக்கிறது; வாடகை 8,500, போக்குவரத்து 1,500, தண்ணீர் 300 போனால் எஞ்சுவது 25,700. சம்பளம் 9,000 ரூபாய் குறைந்தும் கையிருப்பு 2,200 ரூபாய் கூடுகின்றது. நாள்தோறும் பயணத்தில் கழிந்த இரண்டு மணி நேரமும் வீட்டுக்குத் திரும்புகின்றது.

இந்தக் கணக்கில் ஒரு பொறி உண்டு. பெருநகரில் மனைவியும் வேலை பார்த்து, புதிய ஊரில் அவருக்கு வேலை கிடைக்காமற்போனால் கணக்கு முழுவதும் தலைகீழாகும். ஆதலின் கணவருக்கு வேலை உறுதியானவுடன் மூட்டை கட்டிவிடாமல், ஆசிரியை, செவிலி, கணக்கர் என மனைவி எப்பணியில் இருந்தாலும் அப்பணிக்கு அந்த ஊரில் எத்தனை இடங்கள் உள்ளன என்பதையும் விசாரித்தறிய வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. வேலை தரும் நிறுவனம் அந்த ஊரில் ஒன்றே ஒன்றா, பலவா? ஒன்றேயானால், அது மூடப்பட்ட அன்று குடும்பம் மீண்டும் பெயர வேண்டிவரும். நல்ல வேலை ஒன்று இருக்கும் ஊரைக் காட்டிலும், சுமாரான வேலைகள் பத்து இருக்கும் ஊர் குடும்பத்துக்குப் பாதுகாப்பானது.

இனி, நம் மாநிலத்தின் சில நகரங்களை இந்த அளவுகோலால் அளந்து பார்ப்போம்.

திருச்சிராப்பள்ளி

மாநிலத்தின் நடுவில் அமைந்திருப்பது இந்நகரின் முதற்பேறு. சென்னை ஏறத்தாழ 320 கிலோமீட்டர்; மதுரை, தஞ்சை, திண்டுக்கல், புதுக்கோட்டை யாவும் ஒரு பகலில் போய்த் திரும்பும் தொலைவு. கிராமத்தில் பெற்றோரையும் நிலத்தையும் விட்டுவந்தவர்களுக்கு இது பெரிய வசதி. காவிரி, கொள்ளிடம் ஆகியவற்றின் மணற்படுகைக் கிணறுகளிலிருந்து குடிநீர் வருகின்றது.

கல்விக்கு இவ்வூர் பழைமையான நிலைக்களம். 1844இல் நாகப்பட்டினத்தில் தோன்றிய தூய வளனார் கல்லூரி 1883இல் திருச்சிக்கு மாற்றப்பட்டது. 1923இல் திருச்சிலுவைப் பெண்கள் கல்லூரியும், 1951இல் ஜமால் முகமது கல்லூரியும், 1964இல் மண்டலப் பொறியியற் கல்லூரியும் எழுந்தன. இவற்றுள் இறுதியிற் கூறியதே இன்றைய தேசியத் தொழில்நுட்பக் கழகம். பொன்மலை இரயில்வே பணிமனையும், திருவெறும்பூர்ப் பாரத மிகுமின் நிறுவனமும், அவற்றைச் சார்ந்து வளர்ந்த பட்டறைகளும் பல தலைமுறைத் தொழிலாளருக்குச் சோறு போட்டவை. ஆனால் பெரிய தொழிற்சாலைக்கு ஆணை குறையும்போது சிறு பட்டறைகளும் சேர்ந்து வாடும் என்பதைத் திருவெறும்பூர்ப் பகுதி மக்கள் அறிவர்.

வெயிலைச் சொல்லாமல் விடலாகாது. சித்திரை, வைகாசியில் 40 பாகை செல்சியசுக்கு மேல் ஏறும் நாட்கள் பல. மொட்டைமாடிக்குக் கீழுள்ள வீட்டை முதியோருக்கு எடுப்பது தகாது. 1977 நவம்பரிலும் 2005 நவம்பரிலும் நகரில் வெள்ளம் புகுந்தது. உய்யக்கொண்டான், கோரையாற்றுக் கரையோரத் தாழ்ந்த பகுதிகளில் வீடு பார்ப்போர் அந்த ஆண்டுகளில் தண்ணீர் எதுவரை வந்தது என்று பழைய குடிகளைக் கேட்டறிக.

மதுரை

மதுரையின் சிறப்பு அதன் மருத்துவமும் வாணிகமும். 1954இல் தொடங்கிய மதுரை மருத்துவக் கல்லூரியும், அதனோடு இணைந்த அரசு இராசாசி மருத்துவமனையும் தென்மாவட்ட மக்கள் அனைவருக்கும் புகலிடம். 1976இல் மருத்துவர் கோ. வெங்கடசாமி பதினொரு படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இன்று உலகறிந்த நிறுவனம். நீண்டகால நோயாளர் உள்ள குடும்பம் மதுரையை முதலில் எண்ணுவது இயல்பே. 1881இல் தோன்றிய அமெரிக்கன் கல்லூரி, 1948இல் தோன்றிய டோக் பெருமாட்டி கல்லூரி, 1953இல் தோன்றிய பாத்திமா கல்லூரி என உயர்கல்விக்கும் குறைவில்லை. 2004இல் உயர்நீதிமன்றக் கிளை வந்தபின் சட்டம் சார்ந்த தொழில்களும் பெருகின.

மதுரையின் மெலிவு தண்ணீர். வைகை நகரின் நடுவே ஓடினாலும் ஆண்டின் பெரும்பகுதியில் மணலே தெரியும். 1895இல் கட்டி முடிக்கப்பட்ட பெரியாற்று அணையின் நீர் மலையைக் குடைந்து கிழக்கே திருப்பப்பட்டு, 1959இல் திறக்கப்பட்ட வைகை அணையில் சேர்ந்து, அங்கிருந்து நகருக்கு வருகின்றது. மேற்குமலையில் மழை தவறினால் மதுரையின் குழாயில் அது தெரியும். அத்துடன் இந்நகரில் ஒரு தெருவுக்கும் அடுத்த தெருவுக்கும் நீர் வழங்கலில் வேறுபாடு உண்டு. வீட்டைப் பார்த்து மயங்காமல் குழாயைப் பார்த்துத் தேர்க என்று இவ்வூருக்கு வருவோர்க்குச் சொல்லலாம்.

கோயம்புத்தூர்

வேலை ஒன்றை மட்டும் கருதினால் கோவைக்கு இணை சொல்வது கடினம். 1932இல் பைக்காரா நீர்மின்சாரம் கிடைத்தபின் பஞ்சாலைகள் பெருகின. ஆலைகளுக்குப் பொறி செய்யும் பட்டறைகளும், வார்ப்படச் சாலைகளும், நீரிறைக்கும் மோட்டார்த் தொழிலும் அவற்றைத் தொடர்ந்தன. பிற்காலத்தில் கணினித் தொழிலும் வந்தது. மேலே கூறிய ‘பத்து வேலைகள் உள்ள ஊர்’ என்பதற்கு இதுவே தக்க சான்று. ஓரிடத்தில் வேலை போனாலும் அடுத்த தெருவில் கேட்டுப் பார்க்கலாம். கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்தில் இருப்பதாலும், பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வீசுவதாலும், வெயில் மற்ற நகரங்களைவிடத் தணிந்தது. சிறுவாணித் தண்ணீரின் சுவையைக் கோவை மக்கள் பெருமையாகச் சொல்வர். அந்த அணை கேரள எல்லைக்குள் இருக்கின்றது. தென்மேற்குப் பருவமழை குன்றும் ஆண்டுகளில் சிறுவாணி நீர் வரும் நாட்களின் இடைவெளி நீளும்.

மற்ற நடுத்தர நகரங்களைக் காட்டிலும் இங்கு வாடகையும் மனைவிலையும் மிகுதி. ஆகவே வருவோர் நகரின் புறத்தே வெகுதொலைவு தள்ளிப்போக நேர்கின்றது. அவ்வாறு தள்ளிப்போனபின் பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் முக்கால்மணி நேரப் பயணமென்றால், பெருநகரை விட்டு வந்ததன் பயன் பாதி போய்விடும். இளந்தம்பதியருக்கு இது பொறுக்கக்கூடியதே. நடை தளர்ந்த முதியோர் உள்ள வீட்டுக்கு ஆராயத்தக்கது.

பாளையங்கோட்டையும் திருநெல்வேலியும்

தாமிரபரணியின் இருகரைகளிலும் அமைந்த இவ்விரட்டை ஊர்கள், நாம் பேசும் நகரங்களுள் சிறியவை. பொதிகையில் தோன்றித் தமிழ்நாட்டுக்குள்ளேயே கடலில் கலக்கும் இந்த ஆறு, இரு பருவமழைகளாலும் நீர் பெறுவது. பாளையங்கோட்டையைத் தென்னகத்தின் ஆக்சுபோர்டு என்று அழைப்பர். தூய யோவான் கல்லூரி 1878இலும், தூய சவேரியார் கல்லூரி 1923இலும், அரசு மருத்துவக் கல்லூரி 1965இலும் தொடங்கப்பட்டவை.

இந்த ஊரின் தனிச்சிறப்பு ஒன்று பலருக்குத் தெரிவதில்லை. பார்வையற்ற பிள்ளைகளுக்கான பள்ளியும், காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளியும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே இங்கே தோன்றி நிலைத்துள்ளன. அத்தகைய பிள்ளை உள்ள குடும்பம் ஊர் தேடும்போது, சம்பளம் எவ்வளவு என்னும் வினா இரண்டாம் இடத்துக்குப் போய்விடுகின்றது. பிள்ளையை விடுதியில் விட்டுவிட்டுப் பெற்றோர் வேறோர் ஊரில் வாழ்வதா, அல்லது பிள்ளை மாலையில் வீட்டுக்குத் திரும்பும்படி பெற்றோர் இங்கே வந்து குறைந்த ஊதியத்தில் வாழ்வதா? இரண்டுக்கும் காரணங்கள் உண்டு. எனினும் தாய்தந்தையர் கைமொழியைக் கற்றுக்கொண்டு, மாலைதோறும் பிள்ளையோடு உரையாடும் வீட்டில் அப்பிள்ளை வளரும் வளர்ச்சி தனியானது.

இவ்வூரின் குறை வேலைவாய்ப்பு. இங்கே படித்தவர்கள் சென்னைக்கும் பெங்களூருக்கும் வளைகுடாவுக்கும் போவது அதனாலேயே. ஓய்வூதியம் பெறுவோர், அரசுப் பணியாளர், ஆசிரியர், வீட்டிலிருந்தே கணினிவழிப் பணிசெய்வோர் ஆகியோருக்கு இது பொருந்தும். தனியார் தொழிற்சாலையை நம்புவோர் முதலில் வேலையை உறுதிசெய்துகொண்டே வரவேண்டும். 2023 டிசம்பர்ப் பெருமழையில் தாமிரபரணி பெருகிச் சந்திப்பு, வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம் பகுதிகளைச் சூழ்ந்ததையும் மறத்தலாகாது. வற்றாத ஆறு வேண்டுவோர் அதன் வெள்ளத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். சென்னையில் உறவினர் உள்ளோர்க்கு ஒரு செய்தி: 2023 செப்டம்பரில் தொடங்கிய வந்தே பாரத் இரயிலில் அத்தொலைவு ஏறக்குறைய எட்டு மணி நேரமாகச் சுருங்கியுள்ளது.

வேலூரையும் சேலத்தையும் ஓரிரு சொற்களிலேனும் குறித்தல் வேண்டும். 1900இல் ஐடா ஸ்கட்டர் அம்மையார் ஒரு படுக்கையுடன் தொடங்கிய சிற்றில்லம் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. கடும் நோய்க்குத் தொடர் மருத்துவம் வேண்டுவோர் அவ்வூரை நாடுவது இயல்பு. சேலம் இரயிலும் நெடுஞ்சாலையும் கூடும் இடம். பெங்களூரிலும் கோவையிலும் பிள்ளைகள் பணிசெய்யும் பெற்றோருக்கு இருபுறமும் அண்மை.

நேரில் பார்த்து வருக

ஊரைப் பற்றிப் பிறர் சொல்லக் கேட்பதும், படத்தில் பார்ப்பதும் போதா. குறைந்தது இருமுறை போய்வருதல் நன்று. ஒருமுறை மே மாதத்தில்; மறுமுறை நவம்பரில். வெயிலும் மழையும் ஊரின் உண்மை முகத்தைக் காட்டும். தை மாதத்தில் எந்த ஊரும் அழகாகவே இருக்கும்.

போனவிடத்தில் தரகரோடு மட்டும் சுற்றவேண்டா. காலை எட்டரை மணிக்கு, பார்த்த வீட்டிலிருந்து பள்ளிவரை பிள்ளையோடு நடந்து பாருங்கள். எத்தனை இடங்களில் நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டியுள்ளது, நடைபாதை உண்டா என்பதைக் கால்கள் சொல்லும். தெருக்குழாயடியில் நிற்கும் பெண்களிடம், எத்தனை நாட்களுக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது, எவ்வளவு நேரம் வருகிறது என்று கேளுங்கள். இரவு பத்து மணிக்கு ஆட்டோ பிடித்து அரசு மருத்துவமனைவரை சென்று, ஆகும் நேரத்தைக் கடிகாரத்தில் பாருங்கள். வீட்டில் முதியவர் இருந்தால் அவரையும் அழைத்துச் சென்று, அவர் துணையின்றிப் போய்வரக்கூடிய தொலைவில் ஒரு கடை, ஒரு மருந்தகம், உட்கார்ந்து பேச ஓரிடம் உள்ளனவா என்று பாருங்கள். அரசின் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிச் செல்லும் திட்டம் 2021 மே மாதத்தில் தொடங்கியது. அத்தகைய பேருந்து அந்தத் தெருமுனைக்கு வருகிறதா, கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பது வேலைக்குப் போகும் பெண்ணுக்கு முதன்மையான செய்தி.

இவற்றுக்கெல்லாம் மேலாக, போன ஆண்டே வீடோ மனையோ வாங்கவேண்டா. முதலாண்டு வாடகைக்கே இருங்கள். ஒரு கோடையும் ஒரு மழையும் கண்டபின் வாங்குங்கள். கோடையில் காய்ந்து மேடாகத் தெரிந்த மனை, ஐப்பசியில் ஏரியின் நீர்ப்பிடிப்பாக இருக்கக் காணலாம். ஊரிலிருந்த நிலத்தை விற்ற பணம் முழுவதையும் அத்தகைய மனையில் போட்ட குடும்பத்துக்கு முன்னும் வழியில்லை, பின்னும் வழியில்லை.

பள்ளிக்கூடமும் பத்திரங்களும்

நம் பள்ளிகள் பெரும்பாலும் சூனில் தொடங்குவதால், ஏப்ரல் இறுதியிலிருந்து மே முடிவுவரை குடிபெயரத் தக்க காலம். பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டாம் வகுப்பிலோ உள்ள பிள்ளையை ஆண்டின் இடையில் மாற்றுவதைத் தவிர்க்க வேண்டும். தந்தை முன்னே சென்று வேலையில் சேர்ந்து, தேர்வு முடிந்தபின் குடும்பம் செல்வது, சிலமாதச் செலவு கூடினாலும், நல்ல வழியே. எட்டாம் வகுப்புவரை உள்ள பிள்ளைகளுக்கு 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் துணைநிற்கின்றது. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாயிற்று என்பதற்காக அரசுப் பள்ளியோ அரசு உதவிபெறும் பள்ளியோ சேர்க்கையை மறுத்தலாகாது.

வாடகை வீட்டுக்கு எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளத் தயங்காதீர்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தை வற்புறுத்துகின்றது. வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்டலாகாது என்றும் கூறுகின்றது. குடும்ப அட்டை, ஆதார் அட்டை, வாக்காளர் பட்டியல் ஆகியவற்றில் முகவரியை முதல் இரண்டு மாதங்களிலேயே மாற்றிவிடுக. அரசின் மருத்துவக் காப்பீட்டு அட்டை உள்ளோர், புதிய ஊரில் எந்தெந்த மருத்துவமனைகள் அத்திட்டத்தில் சேர்ந்துள்ளன என்று போகுமுன்பே அறிந்து எழுதி வைத்துக்கொள்க. நோய் வந்தபின் தேடுவதற்கு நேரமிராது.

அக்கம் பக்கம்

புதிய ஊரில் முதலாறு மாதங்கள் கடினமானவை. கடைக்காரர் கடன் தரமாட்டார். பக்கத்து வீட்டார் பெயர் தெரியாது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் யாரைக் கூப்பிடுவது என்று தெரியாது. ஆதலின் பழகிய மனிதர் ஒருவரேனும் உள்ள பகுதியில் முதல் வீட்டை எடுப்பது அறிவுடைமை. அவர் உறவினராகவோ, பழைய ஊர்க்காரராகவோ, உடன் பணிசெய்பவராகவோ இருக்கலாம்.

நம் குடும்பங்களுக்குப் பங்கும் ஒரு துணை. நடந்துபோகும் தொலைவில் கோவில் இருந்தால், முதியவர் நாள்தோறும் பூசைக்குப் போய்வருவார். அங்கே அவருக்குப் பேச ஆள் கிடைக்கும். பிள்ளைகளுக்கு ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் தோழர் கிடைப்பர். பழைய பங்கிலிருந்து ஞானஸ்நான, திருமணச் சான்றுகளைப் பெற்றுக்கொண்டு, போன முதல் ஞாயிறே புதிய பங்குத்தந்தையிடம் உங்களை அறிமுகம் செய்துகொள்ளுங்கள். அழைப்பு வரட்டும் என்று காத்திருந்தால் ஆண்டுகள் கழிந்துவிடும்.

திருக்குடும்பமும் ஒருமுறை இதே வினாவைச் சந்தித்தது. எகிப்திலிருந்து திரும்பிய சூசையப்பர், யூதேயாவில் அர்க்கெலாவு ஆள்வதை அறிந்து அஞ்சி, கலிலேயாவிலுள்ள நாசரேத்தில் குடியேறினார் என்று மத்தேயு நற்செய்தி கூறுகின்றது. ஊரின் பெருமையைப் பாராமல் குழந்தையின் பாதுகாப்பைப் பார்த்தார்.

இவ்வாண்டு குடிபெயர எண்ணியிருக்கும் குடும்பங்களுக்கு இறுதியாக ஒன்று. ஓர் இரவு உணவுக்குப்பின் வீட்டார் அனைவரும் உட்காருங்கள். ஒரு தாளை எடுத்து, தண்ணீர், பள்ளி, மருத்துவம், போக்குவரத்து, இருவர் வேலை, உறவு என ஆறு தலைப்புகளை எழுதுங்கள். எண்ணியுள்ள ஊர்களை வரிசையாக எழுதி ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் இடுங்கள். முதலில் பாட்டியும் பிள்ளைகளும் இடட்டும். சம்பாதிப்பவர் கடைசியில் இடட்டும். பாட்டி தம் மனத்திலுள்ளதைச் சொல்லச் சற்று நேரமாகும். அவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்து, அதன்பின் முடிவு செய்யுங்கள்.